முகத்துவாரம்

முப்பத்தொரு வருஷம் ஐஸ் உடைத்தவன் நான்.
கடலூர் ஓ.டி., துறைமுகத்துப் பின்பக்கம்,
விடிவதற்குள் நூற்றிருபது பாளம்.
கையுறை கேட்டதில்லை.

இன்று அஞ்சலாட்சி நீட்டிய எவர்சில்வர் டம்ளர்
விரலைக் கொளுத்திவிட்டது.
வெறும் குழாய்த் தண்ணீர்தான்.

கோரிமேட்டில் நான்காவது ஊசி ஏறி
மூன்று நாள் ஆகிறது.
குடலில் இருப்பதைக் கொல்லப் போன மருந்து
போகிற வழியில்
விரல் நுனியில் யார் வீட்டுக் கதவையோ தட்டியிருக்கிறது.

நூருன்னிசா டாக்டர் பரங்கிப்பேட்டைக்காரர்,
அதனால் தண்ணீரை வைத்தே பேசினார்.
நரம்புக்குச் சுவர் கொழுப்புதான் ஐயா,
குழம்பின் மேல் மிதக்கிற எண்ணெய்ப் படலம் கனம்கூட இல்லை.
அதில் பொடிப்பொடியாய்க் கதவுகள்.
குளிர் பட்டால் திறக்கும், உப்பு உள்ளே பாயும்,
பாய்ந்ததும் சாத்திக்கொள்ளும்.
உங்கள் கதவுகள் சாத்த மறக்கின்றன.

உப்பா, என்றேன்.
உப்பனாறு மாதிரி, என்றார்,
முகத்துவாரத்தில் மணல் சேராத வருஷம்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்தேன்.
கன்னியக்கோயில் தாண்டும்போது
காற்று தொண்டையில் முள்ளாய் நின்றது.
பக்கத்து ஆள் இரக்கப்பட்டு
ஒரு புதினா மிட்டாய் தந்தார்.
அதைப் பற்றி எழுத மாட்டேன்.

இரவு தூக்கமில்லை. அந்தச் சுவரில் என்ன எண்ணெய்?
மார்கழியில் தேங்காயெண்ணெய் சீசாவுக்குள் கல்லாகிவிடும்.
கவலை மீனின் எண்ணெய்
ஐஸ் பெட்டிக்குள்ளும் வழவழவென்று ஓடும்.
எத்தனை ஆயிரம் கவலை தின்றிருப்பேன்,
என் சுவரில் கொஞ்சமாவது பூசியிருக்காதா?
பூசியிருந்தால் கதவு லேசாகச் சாத்துமா,
இன்னும் லேசாகத் திறந்துகொள்ளுமா?
டாக்டரிடம் கேட்காமல் வந்துவிட்டேன்.

காலையில் கலியமூர்த்தி பார்க்க வந்தான்,
வேலையிலிருந்து நேராக.
தோள் துண்டில் ஒரு சில்லு, கரையாமல்.
என் கை என்னைக் கேட்காமல் அதைத் தொட்டது.
நெருப்பு, என்றது விரல்.
ஐஸ், என்றது கண்.
எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் பயந்துபோனான்.

இந்தச் செவ்வாய் விட்டு அடுத்த செவ்வாய்
ஐந்தாவது ஊசி.
அடுப்பங்கரையில் அஞ்சலாட்சி
என் டம்ளரை வெந்நீரில் முக்கி எடுக்கிறாள்,
பதம் பார்க்க
முதலில் தன் விரலை விட்டு.