காதுக்கல்

தலை வேண்டாம் என்பவர்கள்தான்
எனக்கு நல்ல வாடிக்கை.
வெட்டுக்கூலி கிலோவுக்கு இருபது,
தலை என் பக்கம்.

நாலரைக்குத் தொப்பூர் கணவாயை
முக்கி முனகி ஏறிவிட்டால்
ஐந்தேகாலுக்குச் சந்தைப்பேட்டையில் பச்சியப்பன் வண்டி.
நாகப்பட்டினம் எனக்கு இவ்வளவுதான்:
தெர்மாகோல் மூடி, அதில் நீல மையில் ஒரு எண்,
உப்பு காய்ந்த விளிம்பு.

ஜெசிந்தா வந்து நின்றபோது
சுகாதார ஆய்வாளர் என்று நினைத்து
"மருந்தெல்லாம் தெளிக்கறதில்லீங்க" என்றேன்,
அவள் கேட்காமலேயே.
மீன்வளப் பல்கலைக்கழகமாம்.
கடலே இல்லாத மாவட்டத்தில் உனக்கு என்னம்மா வேலை?
"மீன் கரையில முடியல அக்கா,
உங்க கட்டைமேலதான் முடியுது."

கத்தாளைத் தலையைப் பிளந்து காட்டினாள்.
பதினெட்டு வருஷமாய் என் கத்தியை மழுக்கிய எதிரி
அவள் உள்ளங்கையில்,
அவரைக்கொட்டை அளவில், வெள்ளையாய்.
மீனின் காதுக்குள் இருக்கும் கல்லாம்.
மரத்துக்குப் போல வருஷத்துக்கு ஒரு வளையமாம்.

காதுக்கல் என்றதும் என் கை
வெறும் காதுக்குப் போனது.
என் கல் நாலு ரோட்டு அடகுக்கடையில்.
அதற்கும் வயது ஏறுகிறது, வட்டியாய்.

ஏழு மாதம் சேர்த்தேன், மாத்திரை டப்பாக்களில்.
தேதி, பெட்டி எண்,
மகளின் ஸ்கேலில் அளந்த நீளம்.
என் எழுத்து கோணல். எண் நேர்.

நுண்ணோக்கியை ஒருநாள் தூக்கிக்கொண்டு வந்து
ஐஸ் பெட்டிமேல் வைத்தாள்.
ஒரு கண்ணை இறுக்கிப் பார்த்தேன்.
மங்கல் கோடு, வெளிச்சக் கோடு,
மறுபடி மங்கல்.
எங்கேயோ பார்த்த கோடு.
எங்கே என்று சொல்ல வாயைத் திறந்தேன்,
திறந்ததே பதில்.

என் முன்பல்லில் அதே பழுப்பு வரி.
எட்டு வயதுவரை குடித்த போர்த் தண்ணீர்
குறுக்கே எழுதிவிட்டுப் போனது.
கல்யாணப் போட்டோவில் உதட்டை இறுக்கி நிற்கிறேன்.
ஒகேனக்கல் குழாய் வந்தபிறகு பிறந்தவள் மகள்,
அவள் சிரிப்பில் வரி இல்லை.

பல்லைப் பார்த்தவர்கள் எல்லாம்
பாவம் என்றோ ஐயோ என்றோ பார்த்தார்கள்.
ஜெசிந்தா படிப்பதுபோல் பார்த்தாள்.

அடுத்த கல் பொடிசு.
வரி எங்கே என்றேன்.
"இன்னும் விழல அக்கா. ஒரு வருஷம்கூட ஆகல.
ஒரு முட்டைகூட விடாத மீனு."
அதற்கு அடுத்ததும்.
அதற்கு அடுத்ததும்.

மார்கழியில் அந்தக் கணக்கை
எங்கோ ஒரு ஏலக்கூடத்தில் வாசித்தாளாம்.
வலைக்கண்ணியைப் பெரிசாக்கச் சொன்னபோது
ஒருவர் எழுந்து, "மலைக்கு அந்தாண்ட
தலை வெட்டுறவளுக்கு எங்க கடல் என்ன தெரியும்?"
நியாயம்தான்.
கடலை நான் பார்த்ததில்லை.
தலைகளைத் தெரியும்.

நேற்று, சித்தாள் வேலைக்குப் போகிற ஒருத்தி
அறுபது ரூபாய் நீட்டினாள்.
அதற்குப் பொடிசுதான் வரும்.
வாங்காதே என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.
"தலையும் போடுக்கா, கொழம்புக்கு ஆவும்."
போட்டேன்,
கல்லை மட்டும் எடுத்துக்கொண்டு.

வண்டி கிளம்புமுன்
காலிப்பெட்டி மூடியில், நீல எண்ணுக்குக் கீழே எழுதினேன்:
இந்த வாரம் இருபத்திரண்டு தலை.
பத்தொன்பதில் பொடிக்கல்.

யார் கண்ணில் படுமோ, ஐஸ் தண்ணீரில் அழியுமோ.
கணவாய் இறங்கிப் போகிறது
என் கோணல் எழுத்து.