மலைக்கு வேறு கணக்கு

குவைத்தில் எழுதிய கொப்பியில்
ஒரு பக்கம் மட்டும் எண்ணெய்க் கறை.
மா இரண்டு கப், சீனி ஒன்றரை,
பேக்கிங் பவுடர் மூன்று கரண்டி.
மேடம் சொல்லச் சொல்ல
நின்றபடியே கிறுக்கியது.

அந்த வீட்டில் மஃபின்கள்
தொப்பி போட்ட பிள்ளைகள் மாதிரி எழும்பி நிற்கும்.
கந்தப்பளையில், முதல் ஞாயிறு,
பன்னிரண்டும் அவசரமாய் எழுந்து
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒருமுறை எட்டிப் பார்த்து
அப்படியே குழிந்து போயின.

"நம்ம ரோட்டு மாதிரியே இருக்கும்மா"
என்றான் டிலுக்‌ஷன்.

மா பழசு என்றேன்.
முட்டை சின்னது என்றேன்.
கடைசியில் சந்தேகம் அவன் மேல்:
நுவரெலியாவில் பழைய சாமான் கடையில்
பதினோராயிரத்துக்கு வாங்கியது,
ஒரு பக்கம் மட்டும் சூடாகிற அவன்.
வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து நிமிர்ந்தார்.
உங்களை இல்லை, என்றேன்.

அவருக்காகத்தான் அடுத்த வாரம் சீனியை எடுத்தேன்.
கிளினிக் கொப்பியில் சிவப்பு மையில் இருநூற்றுப் பத்து.
பாதி மாவுக்குக் குரக்கன்,
இனிப்புக்குக் கனிந்து கறுத்த கோழிக்கூட்டு வாழைப்பழம்,
லயத்துப் பின்பக்கப் பேரிக்காய்
கல்லு மாதிரி; துருவினேன், விரலும் கொஞ்சம் போனது.
ருசி வந்தது.
பள்ளம் போகவில்லை.

புதன்கிழமை, ரவீந்திரன் கடையில்,
கொழும்பிலிருந்து லொறியில் ஏறிவந்த மிக்ஸர் பக்கற்றுகள்
வயிறு உப்பி, வெடிக்கப் பார்த்துத் தொங்கின.
உப்பு வாங்க வந்தவள்
ஒன்றை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
"அக்கா, எடுக்கிறீங்களா வைக்கிறீங்களா?"

கீழே காற்று இறுக்கிப் பிடிக்கிறது.
இங்கே கையைத் தளர்த்திவிடுகிறது.
பக்கற்றுக்கு அந்த உப்பல்,
என் மாவுக்கு அந்தத் துள்ளல்.
கடல் மட்டத்துக் கணக்கை
ஆறாயிரம் அடிக்குத் தூக்கி வந்தது நான்தான்.

வீட்டுக்கு வந்து கொப்பியைத் திறந்தேன்.
மூன்றை வெட்டி ஒன்றே முக்கால்.
முட்டை ஒன்று கூட. பால் ஒரு மிடறு.
பேனா கொஞ்சம் தயங்கியது.
ஏழு வருடம் 'சரி மேடம்', 'சரி மேடம்'.
அந்த வீட்டு வரியொன்றை நான் வெட்டியது
இதுதான் முதல் தடவை.

மூன்றாம் ஞாயிறு, கரண்ட் இருந்தது.
தொப்பி இல்லை;
மண் நிறத்தில், உச்சி வெடித்து,
வெடிப்பில் பேரிக்காய் நார்.
நடு விரலால் அமுக்கினேன்,
திரும்பி வந்தது.

டிலுக்‌ஷன் நான்கு தின்றான்,
ஐந்தாவதை நாளை இன்டர்வலுக்கு என்று ஒளித்தான்.
அவர் ஒன்று தின்றார்;
கிளினிக்கில் சொல்லிவிடாதே என்று இன்னொன்று.
வெளியே மூடுபனி ஜன்னலோடு ஒட்டியிருந்தது.
காகிதத்தில் ஒட்டிய துணுக்கை
மூன்று பேரும் பேசாமல்
பல்லால் சுரண்டிக்கொண்டிருந்தோம்.