அடுப்பை அணைத்தேனா

மேலப்பாளையத்தில் சேகனா கடையில்
முக்கால் கிலோ கொத்துக்கறி கேட்டேன்.
கோலாவுக்கா சிஸ்டர், கட்லெட்டுக்கா என்றார்.
மக்ரோனிக்கு என்றதும் கத்தி நின்றது.
"சேமியாவுக்கு அண்ணன் மாதிரி இருக்குமே, அதுலயா?
அதுல போயி மாட்டுக்கறியப் போடுவாவளா?"

போடுவார்கள்.
ஈராக்கில், அன்காவாவில், ஷமிராம் போடுவாள்.
எட்டு வருஷம் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே அறை,
நைட் டியூட்டி முடிந்து வந்தால்
ஒரே சட்டியில் இரண்டு கரண்டி.
அசீரியப் பெண்.
இயேசு பேசிய பாஷைக்குக்
கொள்ளுப்பேத்தி முறை என் பாஷை என்பாள்.
அதில்தான் வெங்காயத்தையும் திட்டுவாள்.

பல்லாரி நாலு, பொடிசாக.
அது வாடிச் சிவக்கும்வரை
கறியைக் கண்ணில் காட்டக்கூடாது.
கறி தண்ணீர் விடும், தண்ணீர் வற்றும்,
வற்றியபின் ஒரு சத்தம் வரும்,
மழை விட்ட தகரக் கொட்டகை சொட்டுவது போல.
அப்போதுதான் தக்காளி.

அவளுக்கு அது டப்பாவில் வரும்,
செங்காவி குழைத்து அடைத்தது போல.
எனக்குப் பாவூர்சத்திரத்துக் கூடையில் வருகிறது,
பாதி தண்ணீர், பாதி புளிப்பு.
முக்கால் மணி நேரம் சுண்டியும்
அந்தச் சிவப்பு வரவில்லை.
போகட்டும்.

பொடிதான் பெரிய பாடு.
அவள் அலமாரியில் ஒரு மஞ்சள் டப்பா,
மேலே யானை, யானைமேல் தலைப்பாகைக்காரன்.
"கறிப்பொடி, உங்கள் நாட்டுடையது.
இதைத் தின்றுதானே வளர்ந்தாய்?"
மோந்து பார்த்தேன்.
பாளையங்கோட்டையில் எந்த வீட்டிலும் இல்லாத மணம்.
அவள் முகத்தைப் பார்த்தேன்.
ஆமாம், இதேதான் என்றேன்.
இன்று டவுன் ரதவீதி நாலும் அலைந்தாயிற்று,
அப்படி ஒரு பொடியை யாரும் கேள்விப்பட்டதில்லை.
மல்லி, மஞ்சள், தூக்கலாக வெந்தயம், கிள்ளுச் சுக்கு.
நம்மைப் பார்த்து எவனோ செய்த போலிக்கு
நான் உட்கார்ந்து போலி செய்கிறேன்.
மூன்றாம் தும்மலில் அளவு சரியானது.

அருமைநாயகம் எட்டிப் பார்த்தார்.
"நல்ல கறி. சால்னா வச்சிருக்கலாம்லா."
பதில் சொல்லாமல் வெந்த மக்ரோனியைக் கொட்டிப் பிரட்டி
மூடி, தீயைச் சிறிதாக்கினேன்.
அடி பிடிக்க வேண்டும், தீயக் கூடாது.
இந்த இடத்தில்தான் அவள் அந்தக் கதையைச் சொல்வாள்.

ஊர்க்கோவில் மணி அகாலத்தில் அடித்ததாம்.
துப்பாக்கிக்காரர்கள் ஆற்றுப்பாலம் தாண்டிவிட்டார்களாம்.
இரண்டு காலிலும் இடதுகால் செருப்போடு
மாமனார் காரில் ஏறினாராம்.
மக்ரோனி தம்மில் இருந்தது.
மூன்று வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால்
வீட்டில் சமையலறை மட்டும் கரி.
"அவர்களா? நானா?" என்பாள்.
"கேஸை அணைத்தேனா, ஞாபகமே இல்லை."
சொல்லிவிட்டுச் சிரிப்பாள்.
நான் கையிலிருக்கும் உப்பைத் தேடுவேன்.

அவர் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்,
நன்றாயிருக்கிறது என்று ஒரு தடவையும் சொல்லாமல்.
படம் அனுப்பினேன்.
சிட்னியிலிருந்து உடனே குரல் வந்தது:
"வெளுத்திருக்கிறது. பொடி கிடைத்ததா?"
எங்கள் ஊரில் கிடைக்காமலா என்றேன்.
பழைய பொய்க்கு இன்னும் கெட்டுப்போகாத உடம்பு.

சாயங்காலம் ஜெபக்கூட்டத்துக்குக் கிளம்பி
சமாதானபுரம் ஸ்டாப்பில் பஸ் படியில் ஏறியவள்
இறங்கிவிட்டேன்.
கண்டக்டர் விசில் ஊதி என்னவோ சொன்னான்.
பூட்டைத் திறந்து, செருப்போடு உள்ளே போய்,
குமிழைத் தொட்டேன்.
அணைத்துத்தான் இருந்தது.
மறுபடி திருகிப் பார்த்தேன்.

சட்டியில் அடிப்பொருக்கு மிச்சம்.
நின்றவாக்கில் சுரண்டித் தின்றேன்,
இருட்டில், கரண்டி சட்டியில் உரசும் சத்தத்தோடு.
அடுத்த பஸ் ஏழேகாலுக்கு.