இடம்

கடா கேட்டின் மேல் மோதியது.
கேட் என் வாயின் மேல் மோதியது.
முன்பற்கள் இரண்டும்
மே மாதச் சேற்றில் எங்கோ கிடக்கின்றன.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
சொல் போகவில்லை.
கடாவைத் திட்டும் அளவுக்கு
நிறையவே மிச்சம் இருந்தது.
போனது சீழ்க்கை.

மனியடோட்டோ சமவெளியில்
சொல் எவ்வளவு தூரம் போகும்?
வேலி தாண்டுமுன் காற்று தின்றுவிடும்.
முக்கால் மைலுக்கு அப்பால்,
பனிப்புல் மேட்டில்
எள்ளளவாய்த் தெரியும் நாயிடம்
விரல் மடக்கி ஊதுவதுதான் போய்ச் சேரும்.

லின்னை ஒன்பதாம் மாதத்தில் பழக்கத் தொடங்கினேன்.
ஒரு நீளக் கயிறு, ஒரு வட்டப் பட்டி,
எதற்கும் அசராத ஐந்து கிழட்டு மெரினோக்கள்.
ஓடக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை,
தாய்ப்பாலோடு வந்தது அது.
நிற்கத்தான் நான்கு மாதம்.

ஆடுகள் தலைதூக்கும் தூரம் ஒன்று இருக்கிறது.
அதைவிட ஓரடி நெருங்கினால் சிதறும்.
ஓரடி விலகினால் மேயத் தொடங்கிவிடும்.
அது அளந்து வைத்த தூரமுமல்ல.
மழையில் சுருங்கும்,
குட்டி ஈன்ற ஆட்டிடம் விரியும்,
கூட்டத்தில் ஒன்று நொண்டினால்
அந்தப் பக்கம் மட்டும் நெளியும்.
அதற்குள் குடியிருக்க
லின்னுக்கு இரண்டு குளிர்காலம் பிடித்தது.
எனக்கு இன்னும் முழுதாய் வரவில்லை,
கல்யாணம் ஆனவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நீண்ட ஒற்றை ஓசைக்குப் படு.
குட்டையாய் இரண்டுக்கு முன்னே நட.
ஏறி இறங்கினால் வலப்பக்கம்.
இறங்கி ஏறினால் இடப்பக்கம்,
அதாவது இடப்பக்கம் கிளம்பி
மந்தையை வலம் வருவது,
கோயிலைச் சுற்றும் அதே திசையில்
ஆனால் வயிறு தரையில் உரச.

டனீடினில் புதுப்பல் கட்டிக்கொண்டு வந்த மறுநாள்
நாற்பது ஆடுகள் ஓடையோரம் நின்றன.
இடம் என்று ஊதினேன்.
நடுவில் எங்கோ காற்று ஒழுகி
முனை உடைந்து,
கெட்டில் கொதிக்கலாமா என்று யோசிப்பதுபோல் ஒன்று வந்தது.
லின் நின்றாள்.
திரும்பி, என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் பார்த்தாள்,
ஊத வேண்டிய பெண் அங்கே எங்காவது இருப்பாள் என்று.
அதற்குள் நாற்பதும் தண்ணீருக்குள்.

பிறகு டிரக்கில் போகும்போதெல்லாம் பயிற்சி.
தபால் எடுக்கப் போகையில், டீசல் போடுகையில்.
பின்தட்டில் லின்
ஒவ்வொரு தப்புக்கும் எழுந்தாள், படுத்தாள், எழுந்தாள்.
மூன்றாவது வாரம் கண்ணாடியில் பார்த்தேன்:
ஒழுகிய அந்த ஓசைக்கு மட்டும்
ஒவ்வொரு முறையும் தலையை இடப்பக்கம் சாய்க்கிறாள்.

நான் சரியாக ஊதக் காத்திருக்கவில்லை.
இதுதான் இனி என்று
அவளாகவே முடிவு செய்துவிட்டாள்.

ஜூலையில் மேய்ச்சல் இறக்கும்போது
பக்கத்துப் பண்ணை ஹோஹெபா உதவிக்கு வந்தார்.
நான் ஊதியதும்
அவருடைய நாய்கள் இரண்டும் குழம்பி உட்கார்ந்துகொண்டன.
"என்ன கருமம் அது?" என்றார்.
"இடம்," என்றேன்.
"எங்கேயும் கேட்டதில்லை."
"இங்கேதான் கிடைக்கும்."

மேலே மட்டகூரி முட்புதர் சுற்றி
எள்ளளவு கறுப்பு விரிந்து ஓடியது.
உறைபனி உதிர உதிர
அறுநூறு ஆடுகள் மெல்ல ஒரு பக்கம் திரும்பின,
நடுவில் நொண்டி ஒன்று,
அதற்காக அந்த ஓரத்தில் மட்டும்
ஓரடி கூடுதலாக விட்டு.

அதை நான் ஊதவில்லை.