ரசமட்டம்

பெட்டியை உடனே திறக்கக் கூடாது,
இருபத்துநாலு மணி நேரம்
தோஹாவின் காற்றுக்கு அது பழகட்டும் என்றார் மார்கிட்.
நான் வந்திறங்கிய அன்று
குளிக்கக்கூட விடவில்லை.

மறுநாள் பிரித்தோம்.
முன்னூற்றைம்பது வருஷத்துத் தாள்.
எவனோ ஒரு கோமகனின் கல்யாணம்.
ஆற்று நடுவே மரத்தாலும் படுதாவாலும் ஒரு கோட்டை,
கொளுத்துவதற்கென்றே கட்டியது.
திமிங்கிலத்தின் வாய்க்குள் உட்கார்ந்து
கொம்பூதுகிறார்கள் பதினாறு பேர்.
வானம் முழுக்க வாணம்:
கறுப்பு மையில் கீறிய நெருப்பு,
சுடுவதுமில்லை, அணைவதுமில்லை.

வராத ராஜாக்களுக்குத்தான் இந்த விருந்து என்றார்.
அறுநூறு படி போட்டு
அரண்மனை அரண்மனையாக அனுப்பினானாம்,
பகையாளி பிரித்துப் பார்த்துவிட்டுத்
தன் கஜானாவை ஒருதரம் எண்ணிக்கொள்ளட்டும் என்று.

ஆணிப்பெட்டியை என் பக்கம் தள்ளியபடி
இதையும் சொன்னார்:
செப்புத் தகட்டைக் கீறியது
கல்யாணத்துக்கு மூன்று மாசம் முன்னால்.
அன்று ராத்திரி மழை.
வாணம் நமத்துப்போய்
பாதிக் கோட்டை எரியாமலே நின்றது.
சமையல்காரன் ஒருவன் கடிதத்தில் எழுதியிருக்கிறானாம்.
கடிதத்தை யார் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள்?

தில்பகதூர் சிரித்தான்.
இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஃப்ளெக்ஸ் அடிக்கிறான் அவன் தம்பி.
வெள்ளிக்கிழமை பந்தயத்தில் ஜெயிக்கப்போகும் ஒட்டகத்துக்கு
வாழ்த்து அடித்து உலர்த்தியாயிற்று,
மூன்று ஒட்டகங்களின் பேரில்
மூன்று விதமாக.

அந்த மத்தியானமே கேட்டலாக் வந்தது.
பதினெட்டாம் பக்கத்தில் இதே அறை.
எல்லாப் படமும் மாட்டியாகிவிட்டது.
வெள்ளை அங்கியில் விருந்தினர்கள்
தலையைச் சாய்த்து ரசிக்கிறார்கள்.
நிமிர்ந்து பார்த்தேன்.
வெறும் சுவர், பென்சில் புள்ளிகள், என் ஏணி.

பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனேன்.
கோட்டைக்குப் பின்புறம், இடது ஓரம்,
எள்ளில் பாதி அளவுக்கு ஓர் ஆள்.
முதுகு தெரிகிறது.
கையில் கயிறோ, ஏணியோ.
ஊசி வழுக்கிய கீறலாகவும் இருக்கலாம்.
மார்கிட்டைக் கேட்கவில்லை,
கேட்டால் கீறல் என்று சொல்லிவிடுவார்.

மாட்டும்போது அந்த மூலையை மட்டும்
ஒரு நூல் உயர்த்தினேன்.
கோமகனின் மேடை சற்றே சாய்ந்தது.
ரசமட்டத்தின் குமிழி ஓடிப்போய்
ஓரத்தில் நின்று காட்டிக்கொடுத்தது.

மார்கிட் திரும்புவதற்குள்
இறக்கிவிட்டேன்.