கோரம்

விதி பதினேழு, உட்பிரிவு ஆ:
பொதுக்குழு கூட, பட்டியலில் பத்தில் ஒரு பங்கு வேண்டும்.
பட்டியலில் நானூற்றுப் பதினெட்டுப் பேர்.
மூன்று முறை எண்ணிவிட்டேன்,
கழிவறைக் கதவையும் தட்டிப் பார்த்தேன்.
முப்பத்தொன்பது.

அகில இந்திய மெய்யியலாளர் கழகத்தின்
இணைச் செயலாளர் நான்.
தண்டையார்பேட்டை மாலைக் கல்லூரியில் தர்க்கம் எடுக்கிறேன்.
போன வருடம் ஷில்லாங்கில் வாயைக் கொடுத்துவிட்டு
திருவொற்றியூரில் மீனவர் கூட்டுறவுக் கல்யாண மண்டபத்தை
ஆறாயிரத்துக்குப் பேசி முடித்தவளும் நானே.
மேடையில் நேற்றைய வளைகாப்பின் ஜிகினா.
தெர்மகோல் 'நல்வரவு'வில் நடு 'வ' உதிர்ந்திருந்தது.
தமிழ் தெரிந்த எவருக்கும் அது தெரியவில்லை,
எல்லாரும் நல்வரவு என்றே வாசித்துக்கொண்டு உள்ளே வந்தோம்.
கௌஹாத்தி நிருபமா பர்தலைதான் கேட்டாள்:
அங்கே ஒரு ஓட்டை இருக்கிறதே, என்ன அது?

காலை அமர்வில் அவள் கட்டுரை,
இன்மை பற்றி, இருபத்தாறு பக்கம்.
தரையில் குடம் இல்லை என்பதைக்
கண் காண்கிறதா, மனம் கணிக்கிறதா.
நெய்மீன் குழம்பு வந்ததால் முடிவு எட்டப்படவில்லை.

நாற்பத்தொன்று புள்ளி எட்டு, என்றார் தார்வாடு தேஷ்பாண்டே.
அந்தப் புள்ளி எட்டு மனிதர் யார்?
காலில் மாவுக்கட்டோடு வந்திருந்த மொகந்தி
கை தூக்கினார்.

பட்டியலில் பாதி ஆயுள் உறுப்பினர்கள்.
ஆயுள் எந்த மட்டில் இருக்கிறது என்று கடிதம் போட்டால்
பதில் வருவதில்லை.
இறந்தவர்கள் ராஜினாமா அனுப்புவதில்லை.
ஆகவே செத்தவர் பத்துப் பேருக்கு
உயிருள்ள ஒருவர் கூடுதலாக
ரயில் ஏறி வரவேண்டியிருக்கிறது.

உட்பிரிவு இ:
கோரம் இல்லையேல் அரை மணி ஒத்திவைக்க.
பின்பு அதே இடத்தில் கூடுக.
வந்திருப்பவரே கோரம்.

போதாதவர்கள் கொஞ்ச நேரம் வெளியே நின்றால்
போதுமானவர்கள் ஆகிவிடுகிறோம்.
மாயாவாதிகள் இவ்வளவு தைரியமாகப் பேசியதில்லை
என்றார் பொருளாளர் யாகூப் ஷெரீப்,
பஜ்ஜி எண்ணெயை நிகழ்ச்சி நிரலில் துடைத்தபடி.

வெளியே துறைமுகம் நோக்கி நின்றுபோன கன்டெய்னர் லாரிகள்.
அந்தப் பக்கம் கருங்கல் குவியல். அதற்கப்பால் கடல்.
மைக் செட் எத்திராஜ் பீடியை அணைத்தான்.
'இன்னா மேடம், ஆளு பத்தலியாமே?
நானு, சமையக்காரரு, வாச்மேனு,
மூணு பேரு வந்து குந்திக்கவா?'
சரியாக மூன்று.
சந்தா கட்டணும்ப்பா என்றேன். எவ்ளோ? ஐந்நூறு.
சிரித்தான். ஆனாலும் படிவத்தைக் கொடு என்றான்.
என் பையில் புதுப்பித்தல் படிவம்தான் இருந்தது.
முகவரிக்கு ரேஷன் கார்டை எடுத்துப் பார்த்து எழுதினான்,
பதினாலு, சலேத்தம்மா தெரு.

எங்கே இருக்கு அது?
கல்லுக்கு அப்பால் கை நீட்டினான்.
'தோ, அல ஒடையுது பாரு.
அதான் சமையக்கட்டு.'

எதைப் பார்க்கச் சொல்கிறார்? நிருபமா என்னைக் கேட்டாள்.
ஒரு தெருவை, என்றேன்.
அவள் பார்த்தாள்.
தேஷ்பாண்டே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.
லாரிகள் ஒரு அடி நகர்ந்து நின்றன.

மூன்று பதினைந்துக்கு மறுபடி கூடினோம்.
இப்போது முப்பத்தெட்டு, மொகந்திக்கு ரயில்.
போதும்.
சந்தா அறுநூறாயிற்று.
இறந்தோரை நீக்கும் தீர்மானம்
போதிய விவாதம் இன்மையால்
அடுத்த ஆண்டுக்கு, போபாலுக்கு.
இன்மையால் என்று எழுதியபோது
பேனா கொஞ்சம் நின்றது, அவ்வளவுதான்.

மைக்கைச் சுருட்டிக்கொண்டு அவன் போன பிறகு
மேசையில் படிவம் கிடந்தது. பணம் இல்லை.
பெயர்: த. எத்திராஜ்.
ஆய்வுத் துறை: சவுண்டு.
சென்ற ஆண்டிலிருந்து முகவரியில் மாற்றம் ஏதும் உண்டா:
இல்ல.