மூன்றாவது சாய்கோடு

குலசேகரத்தில் ரப்பர் கடையின் மாடி.
கீழே புகையேறிய ஷீட்டின் வாடை.
மேலே நானும்
விசிறி இரைகிற ஒரு கம்ப்யூட்டரும்.

ஷீட் எடை போடும்போதெல்லாம்
தராசைப் படமெடுத்து
சீட்டோடு சேர்த்து வைக்கிற மென்பொருள்.
பிஜோ எழுதியது. அவன் குவைத்துக்குப் போனான்.
கடைக்காரர் புது கம்ப்யூட்டர் வாங்கினார்.
ஆயிரத்து நூறு சீட்டிலும்
படம் இருந்த இடத்தில்
மூலை கிழிந்த ஒரு சின்னச் சதுரம்.

படங்கள் சாகவில்லை,
பழைய ஹார்ட் டிஸ்கில் பத்திரமாகக் கிடந்தன.
செத்தது வழி:
ஃபைல், முக்காற்புள்ளி, மூன்று சாய்கோடு,
சி டிரைவ், யூசர்ஸ், பிஜோ, டெஸ்க்டாப்,
புது ஃபோல்டர் இரண்டு.

இரண்டாவது கோட்டுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே
யார் வீடு என்று எழுத ஓர் இடம் உண்டு.
ஒன்றும் எழுதாவிட்டால் 'இங்கேயே' என்று அர்த்தம்.
எந்த இங்கே?
பிஜோவின் இங்கேயை யாரோ
பழைய சாமான் விலைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

பெயருக்கு முன்னால் இனிஷியல் வைப்பதுபோல
புதிதாக ஒன்று வைத்தேன்.
ஆங்கிலச் சிற்றெழுத்தில்தான் வைக்க விடுவார்கள்,
சொல் நம்முடையது.
சீட்டு://2291
அவ்வளவுதான் முகவரி.
இதில் டிரைவ் இல்லை, பிஜோ இல்லை.
எண்ணைச் சொன்னால் போதும்,
எந்த அலமாரி என்பது என் பாடு.
இரண்டு புள்ளி வைத்து
மேல் ஃபோல்டருக்கு ஏறப் பார்க்கிறவனை
வாசலிலேயே திருப்பி அனுப்ப
நாலு வரி தனியாக.

பொன்மனை லீலாபாய் அன்றைக்கும் வந்திருந்தாள்,
மூன்று மாதமாக வருகிற அதே வழக்கோடு.
"தை மாசம் நாப்பத்தொண்ணு கிலோ மொதலாளி,
நீங்க முப்பத்தெட்டுன்னு போட்டிய.
படம் உண்டும்லா, காட்டுங்க."
படம் தெரியாதும்மா என்றுதான்
இதுவரை சொல்லி அனுப்பியிருக்கிறார் ஞானசிகாமணி.
இன்றைக்கு, பழக்கத்தில்,
எண்ணை அடித்துத் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

ஈரத் தரை. அவளுடைய செருப்பின் நுனி.
தராசின் சிவப்பு எழுத்தில்
நாற்பத்தொன்று புள்ளி இரண்டு.

கடைக்குள் யாரும் பேசவில்லை.
மேசை இழுப்பறை திறந்தது, மூடியது.
அவள் நோட்டை எண்ணி, மறுபடி எண்ணி,
தோள்பையில் வைத்துப் போனாள்.

"கொள்ளாம், நல்லாத் தொறக்குது" என்றார் என்னிடம்.
ராத்திரி ஒன்பதரைக்குப் போன் செய்தார்:
"மிச்சச் சீட்டும்
இதே மாதிரித் தொறக்குமா?"

எல்லாம் திறக்கும் என்றேன்.